பைபாஸுக்குப் பிறகு ஜெபம் வரவில்லை என்றால்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வயது 52, பைபாஸ் ஆபரேஷன் முடிந்து பதினொரு வாரம். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு இதயம் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டார். ஆனால் இவருக்கு ராத்திரியில் தூக்கமில்லை. நெஞ்சில் லேசாகச் சுருக்கென்றாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ஜெபிக்க முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை, வேதத்தைத் திறந்தால் இரண்டு வசனத்துக்கு மேல் ஓடவில்லை. சபையிலோ அடுத்த மாதம் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று நாள் உபவாச ஜெபம் வேறு. சர்க்கரை நோயும் இருக்கிறது. இவர் மட்டும்தான் குடும்பத்தில் கிறிஸ்தவரானவர். அம்மா, "குலசாமிய விட்டதுனாலதான்டா இதெல்லாம்" என்று அழுகிறாராம். "விசுவாசத்தில் பலம் கிடைக்கும் என்கிறார்கள். எனக்கு ஏன் கிடைக்கவில்லை? என்னிடம் விசுவாசமே இல்லையா அக்கா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நான் போதகர் இல்லை. பினாங்கில் 31 வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை பார்த்தவள். அதில் பாதிக்கு மேல் நெஞ்சு ஆபரேஷன் வார்டில். 2011இல் எனக்கே மார்பில் கட்டி வந்து, வெட்டி எடுத்து, கீமோ முடித்து, கட்டிலின் அந்தப் பக்கத்தையும் பார்த்தாயிற்று. இப்போது சபையில் நோயாளிகளைப் போய்ப் பார்க்கிற நாலைந்து பேரில் ஒருத்தி. உங்கள் கேள்வியில் பாதி ஆவிக்குரியது, பாதி உடம்புக்குரியது. உடம்புப் பாதியை முதலில் சொல்கிறேன், அதை உங்களிடம் யாரும் எடுத்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

பைபாஸில் நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். அது ஒட்ட 6 முதல் 12 வாரம் ஆகும். காலிலிருந்து ரத்தக் குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் மாதக்கணக்கில் வீங்கும், மரத்துப்போகும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற காயம். தெரியாத காயமும் உண்டு. இதய ஆபரேஷன் ஆனவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது மனச்சோர்வு வருகிறது. அது சோகமாக வரவேண்டும் என்றில்லை. எரிச்சலாக, பயமாக, எதிலும் மனம் ஒட்டாமல் வரலாம். இதயத்தை நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டுச் செய்த ஆபரேஷன் என்றால் ஞாபகமும் கவனமும் சில மாதம் மந்தமாக இருப்பது சகஜம். அப்புறம் அந்த மாத்திரைகள். இதயத் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவு கொடுக்கும், உடம்பை அசத்தும். (அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.)

வேதம் ஓடவில்லை என்கிறீர்களே, காலைப் பேப்பர் ஓடுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவும் ஓடாது. பேப்பர் ஓடாததற்கு யாரும் விசுவாசக் குறைவு என்று பெயர் வைப்பதில்லை.

அதனால் அடுத்த கிளினிக் நாளில் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும் "ஓகே டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். நம் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனைவி தலையில் அடித்துக்கொள்வார். தூக்கமில்லை, பயம் வருகிறது, மனம் ஒட்டவில்லை என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள். கவுன்சிலிங்கோ மாத்திரையோ தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் ராத்திரியில் மனம் மிகவும் தாழ்ந்து போனால் மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல எண் 15555 இருக்கிறது. நெஞ்சை அழுத்துகிற வலி, படுத்தால் மூச்சு முட்டுவது, தையலில் சீழ், காய்ச்சல், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறுவது, இவற்றில் எது வந்தாலும் அது ஜெபக் குறிப்பு மட்டும் இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகிற விஷயம். நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ என்றால் அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள்.

சரி, மற்றப் பாதிக்கு வருகிறேன்.

நோயாளி கட்டிலில் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவது எங்கள் தொழிலில் முதல் வருஷமே கற்றுத்தருகிற வேலை. அவரை ஒரு பக்கமாகப் புரட்டுவோம். அழுக்கு விரிப்பை அவர் முதுகு வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்து, புதிய விரிப்பைப் பாதிக் கட்டிலில் விரிப்போம். பிறகு நடுவில் இருக்கிற அந்தத் துணி மேட்டைத் தாண்டி அவரை இந்தப் பக்கம் புரட்டி, பழையதை உருவிவிட்டு, புதியதை இழுத்துச் செருகுவோம். இரண்டு மிஸ்ஸி வேண்டும். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. உதவுகிறேன் என்று கையை ஊன்றி எழும்பப் பார்த்தால் தையல்தான் இழுக்கும். "ஐயா, சும்மா இருங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ.

2011இல் ஆபரேஷன் முடிந்த மறுநாள் எனக்கு அதே மாதிரி விரிப்பு மாற்றினார்கள். என்னிடம் வேலை கற்ற பெண்தான். நான் பழக்க தோஷத்தில் விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தேன். "சிஸ்டர், கைய எடுங்க" என்று அதட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வலியால் இல்லை. அன்று சாயங்காலம் 41ஆம் சங்கீதம் நினைவுக்கு வந்தது: "படுக்கையின்மேல் வியாதியாய்க் கிடக்கிற அவனைக் கர்த்தர் தாங்குவார், அவனுடைய வியாதியிலே அவன் படுக்கை முழுவதையும் மாற்றிப்போடுவீர்." சிறுபிள்ளையிலிருந்து வாசித்த வசனம். படுக்கையை மாற்றிப்போடுவது என்றால் வியாதியைத் தீர்த்து எழுப்பிவிடுவது என்றுதான் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அதுவும் சரியாகத்தான் இருக்கும். எனக்கு அன்றிலிருந்து அது மிஸ்ஸி வேலை. கர்த்தர் என்னைப் புரட்டி, அழுக்கை உருவி, புதிய விரிப்பைச் செருகுகிறார். நான் கையை எடுத்தால் போதும்.

நீங்கள் இப்போது விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் தம்பி. பலம் கிடைக்கவில்லையே என்று மனதைப் பிழிந்து பலத்தை எடுக்கப் பார்க்கிறீர்கள்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்துகொண்டு வந்து, வீட்டின் மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கே எழுதியிருப்பது "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று. அவர்கள் விசுவாசத்தை. படுத்திருந்தவன் என்ன நினைத்தான், ஜெபித்தானா, சந்தேகப்பட்டானா என்று ஒரு வார்த்தை இல்லை. அவன் படுத்திருந்தான், அவ்வளவுதான்.

ஆகவே உங்களுக்கு நாலு பேர் தேவை. சபையே திரண்டு வரவேண்டாம். இருபது பேர் வந்து ஹாலில் உட்கார்ந்தால் உங்கள் மனைவிக்குத் தேநீர் கலக்குவதே வேலையாகிவிடும். கிளினிக்குக் காரில் கூட்டிப்போக ஒருவர். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்க ஒருவர். அவர் வீட்டுக்கு வரவே தேவையில்லை, "இன்னைக்கு என்னால முடியல, நீங்க பாத்துக்குங்க" என்று நீங்கள் ஒரு வரி அனுப்பினால் போதும். சாயங்காலம் கூட நடக்க ஒருவர், ரொபினா கடற்கரைப் பக்கம் மெதுவாக. நாலாவது ஆள் முக்கியம்: நோயைப் பற்றியும் பேசாமல் கர்த்தரைப் பற்றியும் பேசாமல் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர். எனக்குக் கீமோ நடந்தபோது ஒரு வயதான அம்மா செவ்வாய்க்கிழமைதோறும் கஞ்சியோடு வருவார். கஞ்சியை வைத்துவிட்டு, காய்ந்த துணியை எல்லாம் எடுத்து மடித்துவிட்டு, "வரேம்மா" என்று போய்விடுவார். ஆறு மாதத்தில் ஒரு வசனம் சொன்னதில்லை. என் வீட்டுக் கூரையைப் பிரித்தவர் அவர்தான்.

இதற்கு நேர்மாறாகவும் ஒருவர் வந்தார். ஊர் பேர் வேண்டாம். கட்டிலருகே நின்று உரத்த குரலில் ஜெபித்துவிட்டு, என் மண்டையில் முடி இல்லாததைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டருக்கு விசுவாசம் இருந்தா இந்த மருந்தெல்லாம் தேவைப்படாது" என்றார். அப்போது பதில் சொல்லத் தெம்பில்லை. இப்போது இருக்கிறது, உங்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். எசேக்கியா ராஜா மரிக்கிற தறுவாயில் அழுது ஜெபித்தான்; கர்த்தர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். கொடுத்த கையோடு ஏசாயா என்ன செய்யச் சொன்னார்? அத்திப்பழத்து அடையை எடுத்துப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன. பவுலோடு பயணம் போன லூக்கா வைத்தியர். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்கிறார். பவுல் எத்தனையோ பேரைச் சுகப்படுத்தியவர். கூட வந்த ஆளை நோயோடு விட்டுவிட்டுப் போகிறார், அதைப் பற்றி விளக்கமும் இல்லை, துரோப்பீமுவின் விசுவாசத்தின் மேல் பழியும் இல்லை. எனக்கு இந்த ஒற்றை வரி மிகவும் பிடிக்கும்.

உபவாசத்துக்கு வருவோம். வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர், நெஞ்சைத் திறந்து பதினொரு வாரம் ஆனவர், மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவீர்கள். விழுந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிற எலும்பும் அடிபடும். சபையில் கேட்டால் எலியா தீர்க்கதரிசியைச் சொல்லுங்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றவனிடம் தேவதூதன் வந்து உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடு என்றான். தின்று குடித்துத் திரும்பப் படுத்துக்கொண்டான். திட்டவில்லை. இரண்டாம் தரமும் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பைபாஸ் வார்டில் நாங்கள் கொடுக்கிற அட்டவணையும் கிட்டத்தட்ட அதுதான். (சாப்பாடு என்றதும் நாசி கண்டார் கறிச்சோற்றுக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.) மற்றவர்கள் உபவாசம் இருக்கட்டும். நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, அதையே அவர்களோடு சேர்ந்த ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபம் வரவில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. அது ஒரு நோயாளியிடம் கற்றது. தோட்டத்தில் வேலை பார்த்து வயதான ஐயா. ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க, மூன்று பந்து இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்போம், உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். மணிக்குப் பத்துத் தடவை. எல்லாரும் இரண்டு தடவை இழுத்துவிட்டு டிராயரில் வைத்துவிடுவார்கள். இவர் மட்டும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்தும் இழுப்பார். ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னால் உதடு அசையும். ராத்திரி டியூட்டியில் கிட்டப் போய்க் கேட்டேன். பரமண்டல ஜெபத்தைப் பத்துத் துண்டாக்கி வைத்திருந்தார். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை" என்று முணுமுணுப்பார், இழுப்பார், ஒரு பந்து மேலே போகும். "இன்று எங்களுக்குத் தாரும்" என்பார், இழுப்பார், இரண்டாவது பந்து பாதி வரை வந்து விழும். "மூணாவது பந்து மட்டும் வரமாட்டேங்குது மிஸ்ஸி" என்று சிரித்தார். சிரித்ததில் தையல் வலித்து, மறுபடி தலையணையை அழுத்திக்கொண்டார்.

அவருக்குச் சொந்த வார்த்தை தேவைப்படவில்லை. யாரோ எப்போதோ கொடுத்த வார்த்தையை மூச்சின் மேல் ஏற்றிவிட்டார். உங்களுக்கும் அது முடியும். ஒரு நாளைக்கு ஒரு வரி, அதையும் இன்றைக்கு மட்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றன்றைக்குக் கிடைத்த மன்னா உணவை நாளைக்கென்று எடுத்து வைத்தவர்கள் பானையைத் திறந்தபோது பூச்சி பிடித்து நாறியது. நோயிலிருந்து எழுந்திருக்கிறவனுக்குக் கிடைக்கிற பலமும் அந்த மாதிரிதான் என்பது என் அனுபவம்: இன்றைக்கு வாசல் வரை நடக்கப் பலம் இருக்கும், அடுத்த ஆண்டு செக்கப்பை நினைத்துப் பார்க்க இருக்காது.

வார்த்தை வந்தாலும் கோபமாக வருகிறது என்றால் அதுவும் பரவாயில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டவன் தாவீது. 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் ஆறுதல் இல்லாமலே முடிந்துவிடுகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருக்கிறவனுக்கு 23ஆம் சங்கீதத்தைவிட அதுதான் ஒத்துப்போகும் என்பேன். சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சபையிடம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. யாக்கோபு நிருபத்தில், வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது வருவது அவர்கள், கூப்பிடுவது நீங்கள். பாஸ்டரைக் கூப்பிட்டு, திருவிருந்தையும் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டி, சாமியார் எண்ணெயோடு வந்தாலே "என் கதை முடிஞ்சுதா?" என்று அலறுவார், முன்பு அதை அவஸ்தைப்பூசுதல் என்று சொல்லிப் பழகிய தலைமுறை. அது சாகிறவர்களுக்கு மட்டுமானதில்லை என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய வத்திக்கான் சங்கம் 1963இலேயே எழுதிவிட்டது, இப்போது பெயரும் நோயில்பூசுதல். ஆனால் பயம் போகவில்லை. அந்தப் பாட்டியே ஜூலை 26 திருநாளுக்குப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போய்ப் போத்தலில் தண்ணீர் பிடித்து வந்து எனக்கும் தருவார். மெதடிஸ்ட்காரி நான் வாங்கிக் குடித்தேன். அன்போடு வந்த தண்ணீர். கீமோ தேதியை மாற்றச் சொல்லாத வரைக்கும் எனக்கு அதில் சண்டையில்லை.

உங்கள் அம்மாவையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன். அவரோடு வேத வாக்குவாதம் வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று கேட்டவர்கள் இயேசுவின் சொந்தச் சீஷர்கள். இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் அவர். இந்தக் கேள்வி சபைக்குள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது. உங்கள் அம்மா குலசாமி என்கிறார், எனக்கு வந்தவர் விசுவாசக் குறைவு என்றார், இரண்டும் ஒரே பயம்தான். பெற்ற பிள்ளையின் நெஞ்சைக் கீறியதைப் பார்த்தவர் எங்கேயாவது காரணம் தேடத்தான் செய்வார். உங்களுக்காகத் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். உங்கள் நாலு பேரில் ஒருவராக அவரே இருக்கலாம்.

இனி அந்தச் சாட்சி. "பூரண சுகம் பெற்றேன்" என்று மேடையில் சொல்லிவிட்டு, ராத்திரி தனியாகப் பயந்துகொண்டு கிடப்பது மிகவும் பாரமான வேலை. அப்புறம் பயத்தை யாரிடமும் சொல்லவும் முடியாது. தள்ளிப்போடச் சொல்லலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இல்லை, சொல்லியே தீரவேண்டும் என்றால் நடந்ததைச் சொல்லுங்கள்: இத்தனை குழாய் மாற்றினார்கள், எழுந்து நடக்கிறேன், இன்னும் பயமாக இருக்கிறது, ஜெபிக்க முடியவில்லை, எனக்குப் பதிலாக நீங்கள் ஜெபியுங்கள். இரண்டு நிமிஷம் போதும். கூட்டத்தில் இதே மாதிரி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இன்னொருவர் முடிந்ததும் உங்களைத் தேடி வருவார் பாருங்கள்.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை போனால் கடைசி வரிசையில் கதவோரம் உட்காருங்கள், களைத்தால் எழுந்து போக வசதி. தலையணையைக் காரிலேயே வைத்துவிடாமல் உள்ளே கொண்டுபோங்கள். பாடும்போது இருமல் வரும், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். கையை உயர்த்தச் சொன்னால் தோள் வரைக்கும் உயர்த்தினால் போதும், அதற்கு மேல் எப்போது என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்ததும் கட்டிப்பிடிக்க வருகிறவர்களிடம் முன்கூட்டியே கையை நீட்டிவிடுங்கள். நம் ஆட்களுக்குப் பாசம் அதிகம், முதுகில் ஓங்கித் தட்டுவார்கள்.